இருபத்து மூன்று படமும் ஒரு சுவர்க் கடிகாரமும்

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். பதுளை டவுனில் முப்பது வருசமாக அதுதான் தொழில். சாமி படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கிய பிள்ளையின் படம், செத்தவர் படம் என்று எது வந்தாலும் அளந்து, வெட்டி, கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். ஆணி அடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நூல் பிடித்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒரே அடியில் நேராக இறக்குவேன். கூடவே கோபமும் உண்டு, அதுவும் மூக்கு நுனியில். அந்தக் கோபத்தால் நான் கெடுத்த காரியங்கள் பல. அவற்றில் ஒன்று மட்டும், நான் கெடுத்த பிறகும் நல்லபடியாக முடிந்தது. அதை எழுதி வைக்காவிட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

என் மனைவி நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துக் கோயிலின் முருகன் படத்துக்குச் சட்டம் போட என் கடைக்கு வந்தாள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். அந்த முருகனை மூன்று வாரம் கடையிலேயே வைத்துக்கொண்டு, "இன்னும் முடியலங்க, அடுத்த ஞாயிறு வாங்க" என்று திரும்பத் திரும்ப வரவழைத்தேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய அண்ணன்தான் கோபித்துக்கொண்டார்.

தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவர் அந்த அண்ணன். கல்யாணம் கோயிலில் இல்லை, சேர்ச்சில் என்றானதும் அவருக்கு முகம் சுண்டிப்போனதாக எனக்குப் பட்டது. நேரில் போய்ப் பேசு என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. "பிடிச்சா வரட்டும், பிடிக்காட்டி போகட்டும்" என்று கல்யாணக் கார்டில் அவர் பெயரை எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். அந்த லயத்திலிருந்து ஒரு ஈ, காக்கை வரவில்லை. நான் வேதக்காரன் என்பதால்தான் வரவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மகள் பிறந்த ஐந்தாவது மாதம் என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். அழவில்லை. அதன் பிறகு இருபத்தைந்து வருசம் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. அண்ணன் வாசலைத் தாண்டி மற்ற உறவுக்காரர்களைப் பார்க்க அவள் தோட்டத்துக்குப் போகிற நாளிலெல்லாம் நான் கீழே பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடுவேன்.

படம் வரைகிற பழக்கம் அவளுக்கு என் கடைக் குப்பையிலிருந்து வந்தது. படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டையின் நடுவில் சன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிடுவோம். அந்த நடுத்துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். மகள் பள்ளிக்கூடத்தில் பாவித்து மீந்த வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் அந்தத் துண்டுகளில் எதையாவது வரைவாள். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நினைக்கவே இல்லை. சட்டத்துக்குள் படம் ஆடாமல் இருக்கப் பின்னால் அட்டை வைக்க வேண்டும். கையில் அகப்பட்ட துண்டை எடுத்து வைப்பேன். அவள் வரைந்த துண்டா, வெறும் துண்டா என்று பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் பதுளையில் ஒரு சிங்களச் சித்திர டீச்சரின் வீட்டில் சுவரிலிருந்த சான்றிதழ் விழுந்து கண்ணாடி உடைந்தது. அதைக் கழற்றிய டீச்சர், பின்னால் இருந்த அட்டையோடு நேராக என் கடைக்கு வந்தார். அட்டையில், மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து நிறுக்க நிற்கிற பெண்கள். "இது யார் வரைஞ்சது?" என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், "நாந்தாங்க டீச்சர்" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இந்த ஜென்மத்துக்குப் போதும். வீடு வீடாகப் போய் எல்லாச் சட்டங்களையும் கழற்றிப் பார்க்கலாமா என்று கூட இருந்தது. எத்தனை முருகனுக்கும் மாதாவுக்கும் பின்னால் என் மனைவி முகம் திருப்பி உட்கார்ந்திருக்கிறாளோ, எனக்குத் தெரியாது.

கண்காட்சி வைத்தே ஆக வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். பதுளையிலேயே மண்டபம் பார்க்கலாம் என்றார். அவள்தான் மறுத்துவிட்டாள். "வச்சா எங்க தோட்டத்துக்குக் கீழ, ரோட்டோரமா வைங்க. இல்லன்னா வேணாம்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவளுடைய அண்ணன் தினமும் நடந்து போகிற ரோடு அது.

தோட்டத்துக்குக் கீழே மூடிக் கிடந்த பழைய கோப்பரேட்டிவ் கடையை வாடகைக்கு எடுத்தோம். தகரக் கூரை, இரண்டு அறை. கடையை மருமகனிடம் விட்டுவிட்டு நான் இரண்டு மாதம் அங்கேயே கிடந்தேன். சுண்ணாம்பு அடித்தேன், ஓட்டை அடைத்தேன். முன் அறையில் அவள் வரைந்தவற்றுள் இருபத்து மூன்று படங்கள், அளந்து அடித்த இருபத்து மூன்று ஆணிகள். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து சிலரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். இப்படியே இருக்கட்டும், சுவரில் வேறு எதுவும் வேண்டாம் என்றார். அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அழைப்பிதழ் அடிக்கலாம் என்றதற்கு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ் வைத்து எடுத்துக்கொண்டு அவளே லயம் லயமாக ஏறினாள். நான் வழக்கம்போலக் கீழே ரோட்டில், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் இறங்கி வந்தாள்.

"அண்ணன் வீடு?"

"மதினி வெத்தலைய வாங்கிக்கிச்சு. அண்ணன் வீட்டுக்குப் பின்னால நின்னுச்சு. இருமுற சத்தம் கேட்டிச்சு. முன்னால வரல."

"வருவாரா?"

"வெத்தல வாங்குன வீடு," என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. டீச்சரும் கொழும்புக்காரர்கள் ஆறு பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். கடலை வடையும் ரொட்டியும் கட்டச் சம்பலும் பின் அறையில் தயாராக இருந்தன. டீச்சர் கொண்டுவந்த கட்லட்டும் இருந்தது. குத்துவிளக்கில் திரி போட்டு வைத்தாயிற்று. தோட்டத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. பத்தரை ஆயிற்று. என் மனைவி விருந்தாளிகளிடம் பேசிக்கொண்டே சன்னல் வழியாக மலைப் பாதையைப் பார்த்தாள். அதில் மூடுபனிதான் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு செய்தும் இவள் இன்றைக்கும் அழாமல் திரும்பப் போகிறாளே என்று நினைத்துக்கொண்டே விளக்குத் திரியைத் திரும்பவும் நிமிண்டினேன்.

அப்போது பாதை வளைவில் குடைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. பட்டுச் சேலை, வேட்டி, தலை நிறையப் பூ. அவள் வாசலுக்கு ஓடினாள். "வாங்க சின்னம்மா, வாங்க மாமா" என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்தாள். கிட்டே வந்ததும்தான் கவனித்தேன், ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. பளபளப்புத் தாள் சுற்றிய பொதிகள். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் பேசின், அரிசி, உப்பு, மஞ்சள். மற்றதெல்லாம் படங்கள். பிள்ளையார், லட்சுமி, மயில், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு மலை. இரண்டு சுவர்க் கடிகாரங்கள் வேறு.

வெற்றிலை வைத்து, "புதுசா ஒரு எடம் தொறக்குறோம், கட்டாயம் வந்துறணும்" என்று அழைத்தால் தோட்டத்தில் என்ன நினைப்பார்கள்? அவள் வீடு குடிபோகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். கண்காட்சி என்று ஒன்று அந்த மலையில் அதுவரை நடந்ததில்லை. குடிபோகிற வீட்டுக்கு வாழ்த்துச் சொல்கிற முறை அவர்களுக்குத் தெரியும், அதன்படி வந்துவிட்டார்கள்.

"எங்கங்க மாட்டுறது?" என்று ஒரு பெரியவர் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

டீச்சர் சொன்னது ஞாபகத்தில் நின்றது. கொழும்புக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குடுங்க குடுங்க, அப்புறம் மாட்டிக்கலாம்" என்று எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் பின் அறையில் தரையில் அடுக்கினேன். அதில் நான்கு படங்கள் என் கடையில் சட்டம் போட்டவை. என் கையால் செய்ததையே நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் சாத்தினேன். அவ்வளவு அவசரம்.

விளக்கேற்றினோம். டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார். மருமகன் தட்டுகளை நீட்டினான். கொழும்புக்காரர்கள் வடையை ருசித்துச் சாப்பிட்டார்கள். லயத்து ஆட்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, "இருக்கட்டுங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள். தேநீர் ஆறியது. என் மனைவி ஒவ்வொருவராகக் கெஞ்சிப் பார்த்தாள். ஒருவரும் கை நனைக்கவில்லை. சுவரில் இருந்த படங்களையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் கண் எல்லாம் பின் அறைக் கதவு மேல்தான் இருந்தது. கொண்டுவந்ததை மாட்டாத வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? எனக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு வீம்பா இவர்களுக்கு என்றுதான் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். கடைசி ஆளாக, தனியாக, குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றார். கிட்டத்தில் பார்த்தால் நன்றாக நரைத்துப் போயிருந்தார். கையில் சிவப்புத் தாள் சுற்றிய வட்டமான பொதி. என் மனைவி அவரைப் பார்த்ததும் அசையாமல் நின்றுவிட்டாள். அவர் பொதியை நீட்டினார். அதை அவள் வாங்குவதற்கு முன்னால் நான் வாங்கினேன். காலையிலிருந்து வாங்கி வாங்கிக் கைக்கு அதுவே பழகிவிட்டது. "வாங்க வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோய்ப் பின் அறைத் தரையில், குவியலோடு குவியலாக வைத்தேன். கதவைச் சாத்தியிருக்கலாம், சாத்தவில்லை.

திரும்பியபோது அவர் கதவு வழியாக அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், அது என் சொந்த ஊர். அவர் மெதுவாகக் குடையை எடுத்தார். பெஞ்சில் இருந்த பெரியவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு வந்த மனிதரை நான் இரண்டு நிமிசத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பின் அறைக்குள் போனாள். சிவப்புப் பொதியை எடுத்துத் தாளைக் கிழிக்காமல் பிரித்தாள். ஒரு சுவர்க் கடிகாரம், பொன் நிற விளிம்பு, நடுவில் ஒரு ரோஜாப் பூ. அதோடு முன் அறைக்கு வந்து, நடுச் சுவரில், வாசலுக்கு நேர் எதிரே இருந்த தன் படத்தைக் கழற்றினாள். டீச்சருக்கு மிகவும் பிடித்த படம் அது. அந்த ஆணியில் கடிகாரத்தை மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று ஓர் அடி பின்னால் வந்து பார்த்தாள். நூல் பிடித்து அடித்த ஆணி, வேறு எப்படி இருக்கும்!

"சாப்பிட்டுத்தான் போகணும் அண்ணே," என்றாள். அப்போதுதான் அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அன்றைய அழுகையும் சேர்த்து அழுதாள்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். குடையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். லயத்து வீட்டுக் கதவு ஒன்று. நீலச் சாயம், அடிப் பலகையில் நாய் பிராண்டிய கீறல், சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான் படம்.

"நாய் பிராண்டுனதக்கூட போட்டிருக்கியே," என்றார். கீறலை விரலால் தடவிக்கொண்டே, "அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன் பாப்பா. புள்ள சிணுங்குன சத்தம் கேட்டிச்சு. எந்திரிக்கணும்னு நெனச்சேன். காலு வரல," என்றார்.

தமிழ் பாதிதான் புரியும் டீச்சர் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முன்னால் போனேன். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிதனில்லை.

"மச்சான், நான் வேதக்காரன்னுதான் நீங்க வரலன்னு இவ்வளவு நாளும் நெனச்சேன்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சாமி எதுவா இருந்தா என்னங்க? கார்டு தபால்ல வந்திச்சு. வளத்தவன் நான். என் வாசல்ல வந்து ஒரு வெத்தல வச்சீங்களா? தபால்காரன் கூப்புட்ட கல்யாணத்துக்கு நான் எப்புடிங்க போவேன்?"

ஒரு முத்திரையில் இருபத்தாறு வருசம் போயிருந்தது. "தப்பு எம்மேலதான் மச்சான். மன்னிச்சிருங்க," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை என் மனைவியே நம்பாமல் பார்த்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "வடை இருக்கா?" என்று கேட்டார்.

அவர் கை நனைத்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். நூல் இல்லை, பென்சில் இல்லை. டீச்சர் ஒவ்வொரு படமாக எடுத்துக் கொடுக்க, பிள்ளையார், லட்சுமி, மயில், சுவிட்சர்லாந்து மலை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அடித்து மாட்டினேன். ஒன்றுக்கொன்று கோணல்தான். கொண்டுவந்தவர்கள் வந்து வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். அதன் பிறகுதான் அவர்கள் கண் முன் அறைச் சுவருக்குப் போனது. "ஏய், இது நம்ம தண்ணி புடிக்கிற பீலிக்கரை. இங்க பாரு, ஓன் வாளி." "இது மடுவத்துல கொழுந்து நிறுக்குறது. அந்தக் கணக்கப்புள்ளையோட மூக்கப் பாரு!" சிரிப்பு தகரக் கூரையில் முட்டியது. கொழும்புக்காரர் ஒருவர் ஒரு படத்தைக் காட்டி விளக்கம் கேட்டார். என் மனைவியை முந்திக்கொண்டு நான்கு பெண்கள் விளக்கம் சொன்னார்கள். அவள் சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது, முருகன் படத்தை மூன்றாவது முறையும் கொடுக்காமல் அனுப்பிய அன்றுதான்.

வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அந்தக் கதவுப் படத்தை அவள் அண்ணனுக்கே கொடுத்தாள். கடிகாரம் வந்த சிவப்புத் தாளிலேயே அவர் அதைச் சுற்றிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாப்ள."

இருபத்தாறு வருசத்தில் முதல் தடவை. "சொல்லுங்க மச்சான்," என்றேன்.

"எங்க சுவரு கருங்கல்லு. நம்ம கைக்கு ஆணி எறங்காது. நீங்களே வந்து மாட்டிக் குடுத்துருங்க."

விருந்துக்கு அழைத்தவன் விருந்து நடக்கும்போது இடத்தை விட்டுப் போகக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் கல்லில் அடிக்கிற ஆணி நான்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுத்தியலை எடுத்தேன். டீச்சரிடம், "கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர், இப்ப வந்துர்றோம்" என்றேன். என் மனைவி அதற்குள் குடையை விரித்துக்கொண்டு பாதையில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

இருபத்தாறு வருசம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்த பாதை அது. ஏறினால் மூச்சு வாங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடைக் கூட்டத்தோடு வந்திருந்த மதினி முன்னாலேயே ஓடிப்போய் உலை வைத்திருந்தார். நீலக் கதவு, அடிப் பலகையில் அதே கீறல். அண்ணன் அதை ஒரு கையால் விரியத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் படியில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. முப்பது வருசத் தொழிலில் எனக்கு அப்படி நடந்ததில்லை. கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆணி நேராக இறங்கும்?

"அவசரமில்ல மாப்ள," என்றார் அண்ணன். "சாப்பிட்டுட்டு அடிக்கலாம்."